காரின் முன்கண்ணாடிக் கீறல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முன்கண்ணாடியில் கோடு விழுந்துவிட்டது. முதல் வேலையாக என்ன செய்ய வேண்டும்?

கண்ணாடியைக் கழுவுங்கள். பாலிஷ் தேடி அலைவதெல்லாம் அப்புறம். கீறல் என்று சொல்லி என்னிடம் காட்டிய கோடுகளில் பல, நன்றாகக் கழுவித் துடைத்ததுமே காணாமல் போயிருக்கின்றன. தேய்ந்த வைப்பர் ரப்பர் விட்டுப்போன கறுப்புத் தடம், மரத்திலிருந்து சொட்டிய பிசின், ஒட்டிக் காய்ந்த பூச்சி, காய்ந்த தண்ணீரின் உப்பு என எல்லாமே வெயிலில் கீறல் போலத்தான் தெரியும்.

முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றி மண்ணை இறக்கிவிடுங்கள். மண் இருக்கும்போது துணி போட்டுத் தேய்த்தால் இல்லாத கீறலை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள். பிறகு கார் ஷாம்பூ கலந்த தண்ணீரும் மிருதுவான மைக்ரோஃபைபர் துணியும் போதும். காய்ந்த பிறகும் கோடு தெரிந்தால், வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சம அளவில் கலந்து ஒரு துணியை நனைத்து, அந்த இடத்தில் சில நிமிடம் போர்த்தி வைத்துத் துடையுங்கள். உப்புக்கறை என்றால் இளகிவிடும். வினிகர் பெயிண்டில் வழிந்தால் உடனே அலசிவிடுங்கள்.

இவ்வளவும் செய்தாயிற்று. கோடு போகவில்லை. அப்படியானால் கீறல்தானா?

பெரும்பாலும் ஆமாம். ஆனால் அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது, எவ்வளவு ஆழம் என்பது தெரியாமல் எதிலும் இறங்காதீர்கள்.

இருட்டாக இருக்கும் நேரத்தில் ஒரு டார்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியோடு ஒட்டினாற்போல் சாய்த்து அடித்தால், கோட்டுக்குக் குறுக்கே வெளிச்சம் விழும்போது கீறல் மின்னும். கோட்டின் போக்கிலேயே அடித்தால் மங்கிவிடும். ஒட்டியிருக்கும் கறையில் இந்த வித்தியாசம் அவ்வளவாக இருக்காது. எந்தப் பக்கம் என்பதற்கு விரல் நகமே போதும். வெளியே ஒரு முறை, உள்ளே ஒரு முறை தடவிப் பாருங்கள்.

ஆழத்தையும் நகமே சொல்லிவிடும். கோட்டுக்குக் குறுக்கே நகத்தை மெதுவாக இழுங்கள். தட்டாமல் வழுக்கிப் போனால் மேலோட்டமான கீறல். 'டக்' என்று மாட்டினால் ஆழமானது; வீட்டில் வைத்துச் சரிசெய்யும் எண்ணத்தை அங்கேயே விட்டுவிடலாம். நகத்தில் தெளிவாகத் தெரியாவிட்டால் அந்த இடத்தில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஈரமாக இருக்கும்வரை கோடு மறைந்திருந்தால் ஆழம் குறைவு. தண்ணீர் நிரம்பியும் தெளிவாகத் தெரிகிற கோட்டைப் பாலிஷ் போட்டு எடுப்பது பெரும்பாடு.

தண்ணீரில் ஏன் மறைகிறது? ஒளி காற்றிலிருந்து கண்ணாடிக்குள் போகும்போது அதிகமாக வளைகிறது. தண்ணீரிலிருந்து போகும்போது குறைவாக வளைகிறது. ஒளிவிலகல் எண் காற்றுக்கு 1, தண்ணீருக்கு 1.33, கண்ணாடிக்கு ஏறத்தாழ 1.52. கீறலுக்குள் இருந்த காற்றுக்குப் பதில் தண்ணீர் வந்து உட்கார்ந்ததும் ஒளி சிதறுவது குறைந்துவிடுகிறது. நெயில் பாலிஷ் வைத்தால் கீறல் மறைந்துவிடும் என்ற நம்பிக்கைக்கும் இதுவே காரணம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கண்ணாடி அவ்வளவு கெட்டியானது. மெத்தென்ற வைப்பர் ரப்பர் எப்படி அதைக் கீறும்?

ரப்பர் கீறுவதில்லை, அதற்கு அடியில் மாட்டிய மணல்தான் கீறுகிறது. தாதுக்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் சாதாரணக் கண்ணாடி 5.5-ஐ ஒட்டி நிற்கிறது. மணலில் பெரும்பகுதியான குவார்ட்ஸ் 7. கடினமானது கடினம் குறைந்ததைக் கீறும், கணக்கு அவ்வளவுதான். தெருப்புழுதியில் கண்ணுக்கே தெரியாத குவார்ட்ஸ் துகள்கள் நிறைய இருக்கின்றன. காய்ந்த கண்ணாடியில் வைப்பரை ஓடவிட்டால் ரப்பர் அந்தத் துகள்களை அழுத்திப் பிடித்து, ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு கோடு போடுகிறது.

கத்தி, பிளேடு போன்ற எஃகுப் பொருள்களின் கடினம் கண்ணாடிக்குக் கிட்டத்தட்டச் சமம். அதனால் ஸ்டிக்கர் சுரண்டும்போது கண்ணாடி ஈரமாக இருந்து, பிளேடும் புதிதாக, நன்றாகச் சாய்த்துப் பிடித்திருந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அதே பிளேடுக்கு அடியில் ஒரு மணல் துகள் மாட்டினால் போச்சு.

அரைவட்டமாக, ஒரே ஒரு ஆழமான கோடு. இது எப்படி வந்திருக்கும்?

வைப்பரின் உலோகம் பட்டிருக்கிறது. ரப்பர் கிழிந்தோ, ஓரத்தில் பிய்ந்து தொங்கியோ, பிளேடின் சட்டம் நேராகக் கண்ணாடியைத் தொட்டிருக்கும். அல்லது பிளேடு கழன்று விழுந்து, வெறும் கை மட்டும் மழையில் ஓடியிருக்கும். இந்த வகைக் கோட்டில் நகம் கட்டாயம் மாட்டும். இதைப் பாலிஷ் போட்டு எடுக்கவே முடியாது என்று சொல்லமாட்டேன். ஆனால் எடுத்து முடிக்கும்போது கண்ணாடி அந்த இடத்தில் எவ்வளவு தேய்ந்திருக்கும் என்பதை நினைத்தால், முயலாமல் இருப்பதே நல்லது.

பகலில் ஒன்றும் தெரிவதில்லை. இரவில் எதிரே வண்டி வந்தால் கண்ணாடி முழுக்க வலை பின்னியதுபோல ஆகிவிடுகிறது. ஏன்?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான் என்பேன். ஒற்றைக் கோட்டைப் பார்த்துக் கவலைப்படும் பலர் இதைக் கவனிப்பதில்லை. ஆபத்து அதிகம் இதில்தான்.

பகலில் வெளிச்சம் எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறது. கீறலில் சிதறும் ஒளி அந்தப் பொதுவான வெளிச்சத்தில் கரைந்துபோகும். இரவில் சுற்றிலும் இருட்டு; எதிரே ஹெட்லைட் என்ற ஒரே புள்ளியிலிருந்து கடும் வெளிச்சம். அது ஆயிரக்கணக்கான நுண்கீறல்களில் பட்டுச் சிதறி உங்கள் கண்ணை நோக்கி வருகிறது. கண்ணாடி முழுவதும் ஒரு வெள்ளைத் திரை விழுந்ததுபோல் ஆகிவிடும். அந்தத் திரைக்குப் பின்னால் சாலையைக் கடக்கும் ஒருவர் இருந்தால் அவர் தெரியமாட்டார். காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்ந்து நேர் எதிரே இருக்கும்போதும் இதே நிலைதான்.

கீறல் மட்டுமே காரணம் என்றும் முடிவுகட்ட வேண்டாம். நெடுஞ்சாலையில் நிறைய ஓடிய வண்டிகளில், முன்னால் போகும் வண்டிகள் வாரியடிக்கும் மணலும் பொடிக்கல்லும் பட்டுக் கண்ணாடி முழுக்க ஊசி குத்தியதுபோல் சிறு சிறு குழிகள் விழுந்திருக்கும். அவை கோடாகத் தெரியாமல், வெளிச்சத்தில் பொடிப்பொடியாக மினுக்கும். குழி விழுந்த கண்ணாடியைப் பாலிஷ் போட்டு மீட்க முடியாது.

மூன்றாவதாக ஒரு காரணம் உண்டு. கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய்ப் படலம் போன்ற ஒன்று மெல்லப் படிகிறது. வெயிலில் சூடாகும் டேஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து கிளம்பும் ஆவி, மூச்சுக்காற்று, கைரேகை, புகை எல்லாம் சேர்ந்தது அது. அதனால் 'கண்ணாடி கெட்டுவிட்டது' என்று முடிவுசெய்யும் முன் உள்பக்கத்தை நன்றாகத் துடையுங்கள். ஈரத்துணியால் ஒரு முறை, உடனே உலர்ந்த சுத்தமான துணியால் ஒரு முறை. அன்று இரவே ஓட்டிப் பாருங்கள். பாதித் தொல்லை தீர்ந்துவிட்டதாகச் சொன்னவர்கள் உண்டு.

கீறல் நாளைக்கு விரிசலாக மாறுமா?

மேலோட்டமான வைப்பர் கோடுகளுக்குப் பயப்பட வேண்டாம். ஆழமான கீறல் வேறு.

கண்ணாடிக் கடையில் கண்ணாடி வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். முழுத் தடிமனையும் அவர்கள் அறுப்பதில்லை. மேலே ஒரு மெல்லிய கோடு கிழித்து, லேசாக வளைத்தால் கோட்டின் வழியே கண்ணாடி பிளந்துவிடும். அழுத்தம் முழுவதும் கோட்டின் கூர்முனையில் போய்க் குவிவதால் அப்படி ஆகிறது. ஆலன் ஆர்னால்டு கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1921-இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணாடி அதன் அணுப்பிணைப்புகளைக் கொண்டு கணக்கிடும் வலிமையைவிட மிகக் குறைந்த சுமையிலேயே உடைவதற்கு மேற்பரப்பிலுள்ள நுண்பிளவுகளே காரணம் என்று விளக்கினார். உங்கள் முன்கண்ணாடிக்கும் அதே விதிதான்.

ஆகவே நகம் மாட்டும் ஆழத்தில், குறிப்பாகக் கண்ணாடியின் ஓரத்துக்கு அருகே கீறல் இருந்தால், அதன் மேல் திடீர்ச் சூடும் திடீர்க் குளிரும் படவிடாதீர்கள். வெயிலில் கொதித்த கண்ணாடியில் குளிர்ந்த நீரை ஊற்றுவதும், உறைபனி படிந்த கண்ணாடியில் வெந்நீர் ஊற்றுவதும் நல்ல கண்ணாடிக்கே ஆகாதவை.

முன்கண்ணாடியும் பக்கக் கண்ணாடியும் ஒன்றுதானா?

இல்லை. முன்கண்ணாடி லேமினேட்டட் கண்ணாடி. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 மி.மீ. தடிமனுள்ள இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவே பாலிவினைல் பியூட்டிரால் என்ற பிளாஸ்டிக் படலம். அந்தப் படலம் பொதுவாக 0.76 மி.மீ. உடைந்தாலும் துண்டுகள் படலத்தோடு ஒட்டியே நிற்கும். எத்வார் பெனெடிக்டஸ் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1909-இல் இதன் தொடக்க வடிவத்துக்குக் காப்புரிமை பெற்றார். செல்லுலோஸ் நைட்ரேட் என்ற பிளாஸ்டிக் உள்ளே காய்ந்து படிந்திருந்த கண்ணாடிக் குடுவை ஒன்று கீழே விழுந்தும் சிதறாமல் நின்றதைக் கண்டதுதான் அந்த யோசனைக்கு விதை. கீறலைப் பற்றி யோசிக்கும்போது நினைவில் வைக்க வேண்டியது, பாலிஷ் போடும்போது தேய்வது 2 மி.மீ. மட்டுமே தடிமனுள்ள வெளித்தகடு என்பது.

பக்கக் கண்ணாடியும் பின்கண்ணாடியும் பெரும்பாலான கார்களில் டெம்பர்டு வகை. சூடாக்கி வேகமாகக் குளிரவைத்து, மேற்பரப்பை நிரந்தர அழுத்தத்தில் வைத்திருப்பார்கள். அந்த அழுத்தம்தான் அதற்கு உரம். மிக ஆழமான கீறல் அந்த அடுக்கைத் தாண்டிப் போனால் கண்ணாடி முழுவதும் பொடிப்பொடியாக நொறுங்கிவிடும். மெல்லிய கோடுகளை இதிலும் பாலிஷ் போடலாம். ஆழமாக அரைத்து எடுக்கக் கூடாது.

டூத்பேஸ்ட் தேய்த்தால் போகும் என்கிறார்களே?

போகாது. டூத்பேஸ்டிலுள்ள தேய்ப்புப் பொருள் பல்லின் எனாமலைக் கெடுக்காதபடி மென்மையாக இருக்க வேண்டும். எனாமலே மோஸ் அளவில் 5-தான். பல பேஸ்டுகளில் இருக்கும் கால்சியம் கார்பனேட் வெறும் 3. இவற்றால் கண்ணாடியைத் தேய்க்க முடியாது. தேய்த்த பிறகு கோடு மங்கியதுபோல் தெரிந்தால், மேலே இருந்த அழுக்கு போயிருக்கிறது, அல்லது பேஸ்ட் கீறலுக்குள் அடைந்து நிற்கிறது. அடுத்த மழையில் கோடு திரும்பிவிடும். பேக்கிங் சோடாவுக்கும் இதே பதில்.

நெயில் பாலிஷ்?

நிறமற்ற நெயில் பாலிஷ் கீறலை நிரப்பும். தண்ணீர் செய்யும் வேலையைக் காய்ந்த பிறகும் செய்யும், அவ்வளவுதான். வெயிலிலும் வைப்பர் வீச்சிலும் நாளடைவில் உரிந்து, ஓரங்கள் மஞ்சளாகத் தெரிய ஆரம்பிக்கும். ஓட்டுநருக்கு நேரே பூசினால் கீறலைவிட அந்தப் பூச்சுதான் கண்ணை உறுத்தும். ஒரு மூலையில் இருக்கும் சின்னக் கோட்டுக்கு வேண்டுமானால் செய்துகொள்ளுங்கள்.

காருக்குப் போடும் ரப்பிங் கம்பவுண்ட் கண்ணாடிக்கு உதவுமா?

அது பெயிண்டுக்காகச் செய்தது. கண்ணாடியில் ஒட்டிய கறைகளை எடுக்கும், கீறலை எடுக்காது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். உப்புத்தாள் ஒரு கோட்டை எடுக்க ஆயிரம் கோடு போடும். இரும்பு நார், பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் இரண்டையும் கண்ணாடிப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

அப்படியானால் உண்மையிலேயே வேலை செய்யும் பொருள் எது?

சீரியம் ஆக்ஸைடு. வெள்ளையாகவோ, லேசான இளஞ்சிவப்பு, பழுப்பு நிறத்திலோ இருக்கும் மிக நுண்ணிய பொடி. லென்ஸ், கண்ணாடி மெருகேற்றும் தொழிலில் இரும்பு ஆக்ஸைடின் இடத்தை இது பிடித்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. இது வெறும் தேய்ப்பு வேலை இல்லை. தண்ணீர் பட்ட கண்ணாடியின் மேற்பரப்பு மிக நுண்ணிய அளவில் இளகி, சீரியம் ஆக்ஸைடோடு வேதிப்பிணைப்பு கொண்டு, பொடி நகரும்போது அதனோடு பெயர்ந்து வருகிறது. அதனால்தான் தண்ணீர் இல்லாமல் இது சரியாக வேலை செய்யாது. காய்ந்த பொடியைப் போட்டுத் தேய்த்தால் சூடு மட்டும்தான் மிஞ்சும்.

நானே பாலிஷ் போடலாமா?

கீறல் நகத்தில் மாட்டாததாக, ஓட்டுநரின் பார்வைக்கு நேரே இல்லாததாக இருந்தால், பொறுமையும் இருந்தால், போடலாம். முதன்முதலாக நேராக உங்கள் காரில் ஆரம்பிக்காதீர்கள். நான் கற்றுக்கொண்டது ஒரு பழைய, கழற்றிப்போட்ட முன்கண்ணாடியில். மெஷினை எவ்வளவு அழுத்தினால் சூடு ஏறுகிறது, ஒரே இடத்தில் நின்றால் என்ன ஆகிறது என்பதெல்லாம் அதில் தெரிந்துகொண்ட பாடங்கள். உங்களுக்கும் அப்படி ஒன்று கிடைத்தால் விடாதீர்கள்.

வண்டியை நிழலில் நிறுத்தி, கண்ணாடி முழுக்க ஆறியிருக்கட்டும். உள்பக்கத்திலிருந்து கீறலைச் சுற்றி மார்க்கரால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். பாலிஷ் குழம்பு பரவிய பிறகு வெளியே கோடு கண்ணுக்குத் தெரியாது. பானட், பெயிண்ட், ரப்பர் விளிம்பு, காற்று உள்ளே போகும் துளைகள் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் தாளும் மாஸ்க்கிங் டேப்பும் வைத்து மூடுங்கள். இந்தக் குழம்பு தெறித்துக் காய்ந்துவிட்டால் இடுக்குகளிலிருந்து எடுப்பது பெரிய வேலை. பொடியைக் கலக்கும்போது முகக்கவசம் அணியுங்கள். மூச்சில் போக வேண்டிய பொருள் இல்லை அது.

பொடியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு மோர்ப் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். டிரில் மெஷினில் மாட்டும் கம்பளிப் பேட், அதாவது அழுத்திச் செய்த கம்பளி வட்டு, வேண்டும். வேகம் நிமிடத்துக்கு 1,000 முதல் 1,500 சுற்றுக்குள் இருக்கட்டும். ஆங்கிள் கிரைண்டரைத் தொடவே வேண்டாம். அது 10,000 சுற்றுக்கு மேல் ஓடும், சில நொடிகளில் கண்ணாடியைச் சுட்டுவிடும்.

பேடைக் குழம்பில் நனைத்து, கண்ணாடியில் வைத்த பிறகு மெஷினை ஓட்டுங்கள். அழுத்தம் மிதமாக இருக்கட்டும். கீறலின் மேல் மட்டும் ஓட்டாமல், அதைச் சுற்றி ஓர் உள்ளங்கை அகலத்துக்கு மேலாகவே பரவலாக, கை நிற்காமல் நகர்ந்துகொண்டே இருங்கள். தெளிப்பானில் தண்ணீர் வைத்து அடிக்கடி தெளியுங்கள். அரை நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்தி, புறங்கையைக் கண்ணாடியில் வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் நிறுத்திவிட்டுத் தானாக ஆறவிடுங்கள். ஆறட்டும் என்று குளிர்ந்த தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். முன்கண்ணாடி டெம்பர் செய்யாத கண்ணாடி, ஓரிடம் மட்டும் சூடாகி மற்ற இடம் குளிர்ந்திருந்தால் விரிசல் விடும்.

இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை கழுவித் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு மெல்லிய கோட்டுக்கு அரை மணி நேரம் ஆவதும் ஒரு மணி நேரம் ஆவதும் சாதாரணம். பத்து நிமிடத்தில் போகவில்லை என்று அழுத்தத்தைக் கூட்டுவதில்தான் பலர் கண்ணாடியை இழக்கிறார்கள். கோடு முழுக்கப் போக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வெளிச்சத்தில் மின்னாத அளவுக்கு அதன் கூர்விளிம்பு மழுங்கினாலே போதும். அங்கே நிறுத்திக்கொள்ளத் தெரிந்தவரின் வேலைதான் நன்றாக வரும்.

முடிந்ததும் டேப்பையெல்லாம் எடுத்துவிட்டு நன்றாக அலசுங்கள். வைப்பர் ரப்பரையும் துடைத்துவிடுங்கள்.

ஓட்டுநர் பார்வைக்கு நேரே பாலிஷ் போடக் கூடாது என்று ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறீர்கள்?

பாலிஷ் என்பது கீறலை நிரப்புவதில்லை. கீறலின் அடிமட்டம்வரை சுற்றியுள்ள கண்ணாடியைத் தேய்த்து இறக்குவதுதான் பாலிஷ். அப்படி இறக்கிய இடம் ஒரு மெல்லிய பள்ளமாகிறது. ஒரு பக்கம் குழிந்த கண்ணாடிக்கு என்ன பெயர்? லென்ஸ். அதன் வழியே பார்த்தால் சாலைக்கோடு வளையும், எதிரே வரும் விளக்கு ஆடும், தலையை அசைத்தால் காட்சி நீரில் தெரிவதுபோல் நெளியும்.

முன்கண்ணாடி நன்றாகச் சாய்ந்து நிற்பது இதை இன்னும் மோசமாக்குகிறது. செங்குத்தாக வைத்துப் பார்த்தால் கவனத்துக்கே வராத நெளிவு, சாய்வாகப் பார்க்கும்போது பெரிதாகத் தெரியும். வீட்டு ஜன்னலில் பொறுத்துக்கொள்ளக்கூடிய வேலை காரில் பொறுக்க முடியாததாவது இதனால்தான்.

கீறல் ஒரு கோடு. அதைத் தாண்டிக் கண் பார்த்துப் பழகிவிடும். நெளிவு அப்படியில்லை. தூரத்தையும் அசைவையும் கண் தவறாகக் கணக்கிட வைக்கும், நீண்ட பயணத்தில் தலைவலியும் தரும். ஸ்டியரிங்குக்கு நேரே, வைப்பர் துடைக்கும் பகுதியில் இருக்கும் மெல்லிய கீறலோடு வாழலாம். அல்லது கண்ணாடியையே மாற்றலாம். இரண்டுக்கும் நடுவில் பாலிஷ் என்ற வழியை நான் யாருக்கும் சொல்வதில்லை.

பாலிஷ் போட்ட இடத்தைச் சோதிக்க எளிய வழி ஒன்று. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, தூரத்தில் ஒரு நேர்க்கோட்டை, கட்டட விளிம்போ மின்கம்பமோ, அந்த இடத்தின் வழியே பாருங்கள். தலையை மெதுவாக இடமும் வலமும் அசையுங்கள். கோடு நேராகவே நகர்ந்தால் சரி. நெளிந்தால் பள்ளம் விழுந்திருக்கிறது.

கல் அடித்த தெறிப்புக்கு ரெசின் ஊற்றுகிறார்களே, அது கீறலுக்கு ஆகாதா?

ஆகாது. தெறிப்பிலும் சிறு விரிசலிலும் கண்ணாடிக்குள் காற்று புகுந்த இடைவெளி இருக்கும். காற்றை உறிஞ்சி எடுத்து, கண்ணாடிக்கு நெருக்கமான ஒளிவிலகல் எண் கொண்ட ரெசினை உள்ளே செலுத்தி, புறஊதா ஒளியில் கெட்டிப்படுத்துவார்கள். விரிசல் மேற்கொண்டு ஓடாமலும் நிற்கும். கீறல் மேலே திறந்து கிடக்கும் பள்ளம். ரெசினைப் பிடித்து வைக்க அதில் இடமில்லை, வைப்பர் தேய்த்துவிடும்.

உள்பக்கம் கீறல் இருக்கிறது. என்ன செய்வது?

முதலில் அது கண்ணாடியில்தானா, மேலே ஒட்டிய ஃபிலிமிலா என்று பாருங்கள். ஃபிலிம் என்றால் அதை மாற்றினால் போதும். பின்கண்ணாடியின் உள்பக்கம் ஓடும் மெல்லிய கோடுகள் மூடுபனி நீக்கும் சூடேற்றிக் கம்பிகள். பிளேடால் சுரண்டி அவற்றை அறுத்துவிட்டால் அந்த வரி வேலை செய்யாது.

முன்கண்ணாடிக்குப் பின்னால் கேமரா உள்ள கார். ஏதாவது தனியாகக் கவனிக்க வேண்டுமா?

கட்டாயம். தடம் விலகினால் எச்சரிப்பது, தானாக பிரேக் போடுவது போன்றவற்றுக்கு அந்தக் கேமராதான் கண். அதன் எதிரே உள்ள கண்ணாடியில் பாலிஷ் போடக் கூடாது. நமக்கு ஏற்படும் அதே நெளிவு அதற்கும் ஏற்படும். மழை உணர்வி ஒட்டியிருக்கும் இடத்துக்கும், கண்ணாடியில் எண்களைக் காட்டும் திரை விழும் இடத்துக்கும் அப்படியே. கண்ணாடியை மாற்றினால் கேமராவை மறுபடி அளவமைக்க வேண்டும். வேலைக்குக் கொடுக்கும் முன் அதை யார் செய்வார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

எப்போது மாற்றித்தான் ஆக வேண்டும்?

நகம் மாட்டும் கீறல் ஓட்டுநர் பார்வையில் இருந்தால். இரவில் எதிர்வெளிச்சத்தில் சாலை தெரியாத அளவுக்கு நுண்கீறல்களும் குழிகளும் பரவியிருந்தால். கீறலிலிருந்து விரிசல் கிளம்பியிருந்தால். இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள்.

மாற்றும்போது கண்ணாடியைவிட ஒட்டும் பசையைப் பற்றி அதிகம் கேளுங்கள். முன்கண்ணாடி வெறும் காற்றுத் தடுப்பு இல்லை. காரின் கட்டுமானத்தில் அதற்கும் பங்கு உண்டு. பல கார்களில் பயணிகள் பக்க ஏர்பேக் விரியும்போது கண்ணாடியில் மோதித்தான் சரியான திசைக்குத் திரும்புகிறது. பசை இறுகும் முன் ஓட்டினால் அந்தப் பிடிமானம் இருக்காது. எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது பசைக்கும் வெப்பத்துக்கும் ஏற்ப மாறும். மாற்றுபவரிடம் தெளிவாகக் கேட்டு, அவ்வளவு நேரம் வண்டியை எடுக்காமல் இருங்கள்.

மழைநீர் ஒட்டாத பூச்சு போட்டால் கீறல் மறையுமா?

மறையாது. தண்ணீர் வழுக்கி ஓடும், வைப்பருக்கு வேலை குறையும். அந்த வகையில் இனி வரும் கீறல்கள் குறையலாம். பாலிஷ் போட்ட இடத்தில் பழைய பூச்சு போயிருக்கும் என்பதால் மறுபடி பூச வேண்டியிருக்கும்.

இனிமேல் கீறல் விழாமல் இருக்க?

காய்ந்த கண்ணாடியில் வைப்பரைப் போடாதீர்கள். முதலில் வாஷர் தண்ணீர், பிறகு வைப்பர். வாஷர் தொட்டி காலியாக இருந்தால் நிறுத்திக் கழுவுங்கள். கண்ணாடியைத் துடைக்கும்போதெல்லாம் வைப்பர் ரப்பரையும் ஈரத்துணியால் இரண்டு விரலில் பிடித்து உருவித் துடையுங்கள். துணியில் ஏறும் கறுப்பைப் பார்த்தால் புரியும். ரப்பர் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம்வரை உழைக்கும். ஆனால் நாள்கணக்கைவிடக் கண்ணாடியைப் பாருங்கள்: துடைத்த இடத்தில் வரிவரியாகத் தண்ணீர் நின்றாலோ, சத்தம் போட்டாலோ, தடுக்கித் தடுக்கி ஓடினாலோ மாற்றும் நேரம் வந்துவிட்டது.

பிளேடு மாற்றும்போது ஒரு தடித்த துண்டை மடித்துக் கண்ணாடியில் போட்டுவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். பிளேடு கழற்றிய கை ஸ்பிரிங் விசையில் பட்டென்று விழுந்தால் அந்த ஓர் அடியிலேயே கண்ணாடி விரிசல் விட்டுவிடும். உறைபனி விழும் இடங்களில் பனியைச் சுரண்டப் பிளாஸ்டிக் சுரண்டியையே பயன்படுத்துங்கள், அதுவும் புழுதி இல்லாத கண்ணாடியில்.

புதுக் கண்ணாடி போட்டாயிற்று. வைப்பர் நன்றாகத்தான் இருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். பழைய கண்ணாடியைக் கீறிய மணல் இன்னும் அந்த ரப்பரில்தான் பதிந்திருக்கிறது. வண்டியை எடுக்கும் முன்பே இரண்டு பிளேடையும் மாற்றச் சொல்லுங்கள்.